காரணம் எழுதும் கட்டம்

திரவியம் முதலாளி என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தால் உள்ளே கால் வைக்கமாட்டார். வெள்ளை வேட்டியில் கரி ஒட்டிவிடுமாம். கர்க்கடக மாதத்து ஆடி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று எனக்குக் கெடு வைத்தார்.

"ஏட்டி மலரு, ஓணத்துக்கு முன்னாடி ஷெட்டு எனக்கு வேணும். குழிமந்தி பிரியாணிக் கடைக்காரன் வந்து அளந்துட்டுப் போயாச்சு. நீ வேற எடம் பாத்துக்க."

கரமனை ஆற்றோரம் இருக்கிற அந்த இடம் நான் எடுக்கும்போது ஷெட்டே இல்லை. முதலாளியின் பழைய சாக்குக் குடோன். சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் அரிசியும் பயறும் மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். கிழிந்த சாக்குகளைக் கொண்டுவந்து தள்ளிவைத்திருந்தார். நான்தான் அதை ஒதுக்கித் தரை போட்டேன். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வெட்டிச் சிமெண்ட் பூசினேன். ஒரு பெண் குழிக்குள் இறங்கி நிற்கிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இன்று என் வாடிக்கைக்காரர்கள். ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். குழியை எப்படி எடுத்துக்கொண்டு போவது?

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியின் மகள் அஸ்வதி காரிலிருந்து இறங்கினாள். விதுரையில் கால்நடை டாக்டர். போனக்காடு எஸ்டேட்டில் மாட்டுக்குச் சீக்கு என்றால் மலையேறிப் போகிறவள். நான் அந்த எஸ்டேட்டில் பிறந்தவள் என்பதால் என்மேல் அவளுக்குக் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு.

"அப்பா, கார் மறுபடி நீலப்புகை விடுது. சர்வீஸ் சென்டர்ல மூணாவது டர்போவையும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. இனி எஞ்சினும் போகுமாம். இந்தச் சேச்சி ஒண்ணு பாக்கட்டே."

"இவளா? கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது இவளுக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அந்தக் கம்பெனிக்காரனிடம்தான் நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். என் கை கண்டுபிடித்ததையெல்லாம் இன்னொருவன் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பினான். அங்கே ஜாப் கார்டில் 'செய்த வேலை' என்று ஒரு கட்டம் உண்டு. எதனால் கெட்டது என்று எழுத இடமே கிடையாது. கேட்டால், அது கஸ்டமருக்குத் தேவையில்லை என்பார்கள். வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை, சொந்தமாக ஜாப் கார்டு புத்தகம் அடித்ததுதான். அதில் மூன்று விரல் அகலத்துக்குக் 'காரணம்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே இரண்டு கையெழுத்து: வேலை பார்த்த ஆளுக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று. கையெழுத்து விழாமல் வண்டியை ஒப்படைக்கிற வழக்கம் என்னிடம் இல்லை.

"புகை நின்னா?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"நின்னா என்ன?"

"நின்னா ஷெட்டு மூணு வருஷத்துக்கு வாடகைக்கு என் பேர்ல எழுதித் தரணும். நிக்கலன்னா ஓணம் வரைக்கும் காக்க வேண்டாம், அடுத்த நாளே காலி பண்ணி ஒழிச்சுத் தரேன்."

மகள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, வாக்கு" என்றார். அவருக்கு நஷ்டமில்லாத பந்தயம் என்று நினைத்திருப்பார்.

முதல் டர்போ போனதற்குப் பழி யார்மேல் விழுந்தது என்பது எனக்குத் தெரியும். அவர் டிரைவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பத்தொன்பது வருஷம் முதலாளிக்கு ஓட்டியவர். முதலாளி வாசலில் நிற்கும்போது அண்ணாச்சி மட்டும் உள்ளே வந்து, திறந்து கிடக்கிற எஞ்சினை எட்டிப் பார்த்து விசாரிப்பார். போன வருஷம் கார் நீலப்புகை விட்டபோது, வண்டியை விரட்டி ஓட்டிவிட்டு டர்போ ஆறுவதற்குள் உடனே ஆஃப் செய்ததால் கருகிவிட்டது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். முதலாளி அவரைச் சாலைக் கடை வாசலில், சுமைக்காரர்கள் முன்னாலேயே, "என் வண்டியக் கொன்னுட்டியேடா" என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு காரை ஓட்டியது அஸ்வதி. இரண்டாவது டர்போவும் போனது. அப்போதும் யாரும் அண்ணாச்சியைத் திரும்பக் கூப்பிடவில்லை. பழி போட்டாயிற்று, அது போட்ட இடத்திலேயே கிடந்தது.

காரை ஷெட்டுக்குள் ஏற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சமர்த்தாக ஓடியது. ஒரு துளிப் புகை இல்லை.

"ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாது சேச்சி. மலையேறினா மட்டும்தான். ஒரு தடவை டிப்ஸ்டிக்கே வெளிய தெறிச்சு வந்துட்டுது" என்றாள் அஸ்வதி.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். எண்ணெய் அளக்கிற குச்சி தானாக வெளியே தெறிக்கிறது என்றால் எஞ்சினின் வயிற்றுக்குள் காற்று கட்டுகிறது என்று அர்த்தம். பிஸ்டன் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எரிந்த காற்றில் கொஞ்சம் கீழே எண்ணெய் இருக்கிற பகுதிக்கு இறங்கத்தான் செய்யும். அது வெளியேற வழி வேண்டும். டர்போ எஞ்சினில் அதற்கு இரண்டு வழி. வண்டி மெதுவாகப் போகும்போது எஞ்சின் தானே ஒரு குழாய் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். மேட்டில் மிதிக்கும்போது டர்போ காற்றைத் திணிக்கும். அப்போது அந்த வழியை ஒரு வால்வு அடைத்துவிடும். இல்லாவிட்டால் டர்போவின் காற்று எஞ்சின் வயிற்றுக்குள்ளேயே பாயும். அந்த நேரத்தில் இரண்டாவது குழாய்தான் கதி. டர்போ காற்றை இழுக்கிற வாயில் போய்ச் சேருகிற குழாய் அது. அதுவும் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். டர்போவுக்குப் போன எண்ணெய் தன் கனத்தில் கீழே வடிய முடியாமல், சீலைத் தாண்டிப் புகைக்குழாயில் வழிந்து நீலப்புகையாகும். டர்போமேல் ஒரு குற்றமும் இருக்காது.

ஆனால் நினைப்பது வேறு, காட்டுவது வேறு. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற ட்யூபைக் கேட்டு வாங்கினேன். தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று துணிக்குப் போடும் நீலத்தில் நாலு சொட்டு விட்டேன். ஒரு பலகையில் அதை வளைத்துக் கட்டி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் செருகி, பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் கொண்டுவந்தேன். உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் நம் பக்கம் ஏறும். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொன்முடிச் சாலையில் ஏறினோம். அஸ்வதி ஓட்டினாள், நான் பலகையை மடியில் வைத்திருந்தேன். விதுரை வரை தண்ணீர் அசையவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு சாண் ஏறியது. இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு பஸ் இருந்தது. "தாண்டு, நல்லா மிதி" என்றேன். மிதித்தாள். ட்யூபில் இருந்த தண்ணீர் முழுவதும் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கார் கூரை, அவள் சுரிதார், என் முகம், எல்லாம் நீலம். பின் கண்ணாடியில் பார்த்தேன், புகையில் சாலையும் நீலம்.

"ஐயோ சேச்சி, இது எந்தா?"

"இது டர்போ இல்ல டாக்டரே. மூச்சுக்குழாய்" என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஷெட்டுக்கு வந்து அந்த இரண்டாவது குழாயை, மூச்சுக்குழாயைத் தொட்டதும் என் சிரிப்பு நின்றது. அது கம்பெனிக் குழாய் இல்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற கறுப்பு ரப்பர் குழாய். கிளாம்ப் போட வேண்டிய இடத்தில் சணல் கயிறு, மூன்று சுற்று சுற்றி, நுனியை உள்ளே மடித்து இழுத்த முடிச்சு. சாலைக் கம்போளத்தில் பயறு மூட்டையின் வாயை அப்படித்தான் கட்டுவார்கள். கழற்றிப் பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே நாலு விரல் நீளத்துக்குக் கம்பி நார். பாத்திரம் தேய்க்கிற அதே கம்பி நார், உருட்டித் திணித்து வைத்திருந்தது. அதன்மேல் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து, ஆறிப்போன மோர்க்குழம்பு மாதிரி மஞ்சளாகக் கட்டியிருந்தது.

கம்போளத்தில் எந்த அரிசிக் கடைக்குப் போனாலும் சுவரில் எலி பறித்த ஓட்டையில் இந்தக் கம்பி நாரைப் பார்க்கலாம். எலிப் பல்லுக்கு அது ஆகாது. முன்பு இங்கே இருந்த கம்பெனிக் குழாயை எலி கடித்திருக்க வேண்டும், காரை நிறுத்துகிற இடமோ பயறுக் குடோன். யாரோ புதுக் குழாய் போட்டு, மறுபடி எலி நுழையாமலிருக்க வாயையும் அடைத்து, மூட்டையைக் கட்டுகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். அது யார் கை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டைகளைத் தன் கையால் கட்டிப் பார்க்காமல் திருப்திப்படாத மனிதர் ஒருவர்தான் அந்தக் கடையில் உண்டு.

சர்வீஸ் சென்டர்காரர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இந்தக் குழாயைக் கழற்றாமல் டர்போவைக் கழற்ற முடியாது. இரண்டு தடவை கழற்றியிருக்கிறார்கள், இரண்டு தடவை அதே சணலைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒருவன்கூட வாயை வைத்து ஊதிப் பார்க்கவில்லை. அந்த நாரில் ஒரு கம்பி நறுக்கு உடைந்து டர்போவுக்குள் போயிருந்தால் இறக்கையெல்லாம் சின்னாபின்னமாகியிருக்கும். பேச்சிமுத்து அண்ணாச்சியின் வேலையை மட்டும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

எண்ணெய்க்குத் தாங்குகிற குழாய் வாங்கினேன். நடுவில் எங்கும் தொய்வு விழாமல், எஞ்சினிலிருந்து மேல்நோக்கியே போகும்படி கொண்டுபோனேன். தொய்வு இருந்தால் எண்ணெய் தேங்கி அதுவே அடைப்பாகும். வழியில் எண்ணெயைப் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன டப்பா வைத்தேன். ஒற்றை வழி வால்வைக் கழற்றி ஒரு பக்கம் ஊதினேன், போனது; மறுபக்கம் ஊதினேன், போகவில்லை. நல்ல வால்வு. அடுத்த ஞாயிறு மறுபடி பொன்முடி. உச்சி வரை மிதித்தே போனோம். நீலத் தண்ணீர் இரண்டு விரலுக்குமேல் ஏறவில்லை. புகையும் இல்லை.

மறுநாள் சாலைக் கடைக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மிளகை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்வதி நடந்ததைச் சொன்னாள். மனிதர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"வாக்குன்னா வாக்கு. மூணு வருஷம், கேட்டியா?" என்று மேசை டிராயரைத் திறந்து, முத்திரைத் தாளில் தட்டச்சு செய்துவைத்த ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் போட்டார். மகள் முன்னாடியே தயார் செய்ய வைத்திருக்கிறாள்.

நான் கம்பி நாரை ஒரு காகிதத்தில் பொதிந்து கொண்டுபோயிருந்தேன். அதைப் பக்கத்தில் வைத்தேன்.

"ஆ, அது நாந்தாண்டி வெச்சேன்!" என்றார் பெருமையாக. "பேச்சிமுத்து ஓட்டுன காலத்துலயே எலி கொதறி வெச்சிருந்துது. கம்பி நாரு வெச்சா எலி வருமா? முப்பது வருஷமா இந்தக் கடையில ஒரு மணி பயறு எலிக்குப் போனதில்ல."

"அதுதான் ரெண்டு டர்போவையும் காவு வாங்கினது, முதலாளி."

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். முதலாளியின் முகத்தில் அந்தப் பெருமை எப்படி வடிந்தது என்பதை நான் பார்த்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முட்டாள் இல்லை.

ஜாப் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவர் கண்முன்னாலேயே எழுத வேண்டும் என்றுதான் விட்டுவைத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"'குழாய் அடைப்பு'ன்னு எழுது. போதும். அதும் நெசந்தானே?"

"யாரு அடைச்சது, எப்ப அடைச்சதுன்னும் எழுதணும். அதுக்கப்புறம்தான் முதல் டர்போ போச்சு."

"அவன் போயி ஒரு வருஷமாச்சு மலரு. எங்கயோ வேலையில சேந்துட்டான்னு கேள்வி. இப்ப அதக் கிண்டி என்னத்துக்கு? என் கடையில வெச்சு என்னய நீ குத்தவாளி ஆக்குவியா? ரெண்டு வார்த்தை எழுது. ஷெட்டு ஒனக்கு."

"ஒரு வரிதானே சேச்சி" என்றாள் அஸ்வதி மெதுவாக. நல்ல பெண்தான். ஆனால் அப்பா முன்னால் அவளும் மகள்தானே.

நான் மகாத்மா இல்லை. எனக்கு அந்த ஷெட் வேண்டும். உயிரைக் கொடுத்து வெட்டிய குழி. ஒப்பந்தத்தில் என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருந்தது, ஜெபமலர் என்று. பேனா கையில் இருந்தது. 'குழாய் அடைப்பு' என்று எழுதினால் பொய்கூட இல்லை. ஆனால் அப்படி எழுதினால் குழாய் தானாக அடைத்துக்கொண்டது என்றாகும், அண்ணாச்சி கொன்றது கொன்றதாகவே நிற்கும். ஒன்பது வருஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது இப்படிப்பட்ட கார்டுகளுக்குத்தான். இனி ஒன்றுக்குக்கூட மாட்டேன் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது.

எழுதினேன். தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை. *மூச்சுக்குழாயில் எலி புகாமலிருக்க வண்டியின் உரிமையாளர் முதல் டர்போ போவதற்கு முன்பே கம்பி நார் வைத்து அடைத்ததால் டர்போ எண்ணெய் கக்கியது. டர்போவில் கோளாறு இல்லை. ஓட்டியவரின் தவறு இல்லை.* என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கம் தள்ளினேன்.

"நான் போடமாட்டேன்."

"வேண்டாம்." அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'உரிமையாளர் கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதினேன். கார்பன் தாளில் விழுந்த அவருடைய பிரதியைக் கிழித்து ஒப்பந்தத்தின்மேல் வைத்தேன். கார் சாவியையும் வைத்தேன்.

"அப்ப ஷெட்ட ஒழிச்சிரு!" அவர் குரல் கம்போளம் முழுக்கக் கேட்டிருக்கும். "ஓணம் வரைக்கும்கூட இருக்காத. என் எடத்துல நின்னுட்டு எனக்கே..."

"ஒழிச்சுத் தரேன் முதலாளி. புகை நின்னாச்சு, வாக்கு மாறினது நான் இல்ல. இத நாலு பேரு கேட்டாச்சு."

வெளியே வந்தேன். கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. கிழக்கேக்கோட்டையில் நின்று, யாரிடமெல்லாமோ போன் போட்டுப் பேச்சிமுத்து அண்ணாச்சி எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். நேமத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாராம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு வேன் ஓரமாக நின்றது. அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, பொறு என்று காட்டினார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றிருபது ஆனதும் சாவியைத் திருப்பினார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஆறணும்லா தாயி. ஆறாம ஆஃப் பண்ணக் கூடாது."

"இது பழைய டீசல் வண்டி. இதுல டர்போவே இல்லியே."

"இல்லதான்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "பிள்ளைய இறக்குத எடத்துலலாம் எண்ணிட்டுத்தான் நிப்பேன். ஒரு வண்டியக் கொன்னது போதும்."

அந்த மனிதர் முதலாளி சொன்னதை நம்பிவிட்டார். ஒரு வருஷமாகத் தன் கைதான் கொன்றது என்று நினைத்து, டர்போ இல்லாத வண்டியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நூற்றிருபது எண்ணிக்கொண்டிருக்கிறார். ஷெட்டுக்காக நான் சிந்திய கண்ணீர் எனக்கே அற்பமாகத் தோன்றியது.

கார்டை நீட்டினேன். அவர் தமிழைப் படித்தார், பிறகு மலையாளத்தைப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஓட்டுனவன் தப்பு இல்லன்னா... நான் இல்லியா?"

"நீங்க இல்ல. ரெண்டு தடவை மலையேறிப் பாத்தாச்சு. நீங்க இல்ல அண்ணாச்சி."

"கீழ இது யாரு கையெழுத்து?"

"என் கையெழுத்து."

ஷெட் போன கதையை அவரே என்னிடமிருந்து பிடுங்கினார். கேட்டுவிட்டுக் கார்டை மடிக்காமல் டாஷ்போர்டின்மேல் எழுத்து தெரியும்படி வைத்தார்.

"ஏறு தாயி."

"எங்க?"

"சாலைக்கு. எல்லாவனும் இருக்குத நேரந்தான்."

கம்போளத்தில் அந்த நேரத்து நெரிசலில் ஒரு வேன் நுழைவதே பெரும்பாடு. அவர் ஹாரனை அழுத்தி அழுத்தி, திட்டுகிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டே கொண்டுபோய், திரவியம் முதலாளியின் கடை வாசலில் நேராக நிறுத்தினார். போன வருஷம் அவர் தலைகுனிந்து நின்ற அதே இடம். சுமைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி மேசையிலிருந்து எழுந்தார்.

அண்ணாச்சி நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். ஒன்று என்றுகூட எண்ணவில்லை. கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.